கணக்கில் வராத தட்டு: கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பின் ஒரு தாயின் ஒன்பது மாதங்கள் (நிகழ்வு ஆய்வு)

இதில் வரும் பெண்ணின் சம்மதத்தோடு எழுதப்பட்டது. அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. எழுதுபவர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). பொது மருத்துவர் ஒருவரும் ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரும் சேர்ந்து பார்த்த நிகழ்வு இது.

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 36 வயதுப் பெண். மூத்தவள் மூன்றாம் வகுப்பு, இளையவன் எல்.கே.ஜி. கணவருக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. மாமியாரும் உடன் இருக்கிறார்.

காலை 5 மணிக்கு எழுந்தால் நான்கு டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, 9 மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்புவார். வீடு திரும்ப இரவு 7.20 ஆகிவிடும். அதற்கு மேல் வீட்டுப்பாடம், தோசை, பாத்திரம், மறுநாளுக்குக் காய் நறுக்குவது. படுக்க 11.30.

இரண்டாவது பிரசவத்தின்போது இவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வது நடைமுறை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். இவருக்கும் அப்படித்தான் தெரியவந்தது. உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்து, பிரசவமும் நல்லபடியாக முடிந்தது. சிசேரியன்.

பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இவர் நான்கு வருடமாக எடுக்கவில்லை. “பையனுக்குத் தடுப்பூசி போட்ட தேதியெல்லாம் ஞாபகம் இருக்குதுங்க மேடம். எனக்கு டெஸ்ட் எடுக்கோணும்னு தோணவே இல்லீங்க” என்றார்.

கடைசியில் தெரியவந்தது தற்செயலாக. மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொண்டுவந்தவர், பக்கத்தில் நின்ற மருமகளின் விரலிலும் ஒரு துளி எடுத்துப் பார்த்தார். 178 காட்டியது. சாப்பிட்ட பிறகு எடுத்தது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஜனவரியில் எங்களிடம் வந்து சேர அது போதுமானதாக இருந்தது.

அதற்கு முன் உடம்பைக் குறைக்க அவர் மூன்று முறை முயன்றிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிம்மில் வருடக் கட்டணம் கட்டி இரண்டு வாரம் போனது ஒன்று. தெரிந்த அக்கா ஒருவர் விற்ற பவுடரைக் கரைத்துக் குடித்தது இன்னொன்று. மூன்றாவது, போனில் பார்த்துச் செய்த ‘30 நாள் சவால்’. அதை ஏன் ஒன்பதாவது நாளில் விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் பார்த்தவை

உயரம் 154 செ.மீ., எடை 68.4 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 28.8. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 128/84. தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.2, அதாவது ரத்தசோகை.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் மருத்துவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் குளுக்கோஸ் குடிக்க வைத்தே பார்த்தார். வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரம் கழித்து 162. சந்தேகம் தீர்ந்தது. முந்தைய நிலைதான்.

கூடுதல் எடையும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் இருப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ‘நல்லா சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் எப்படிக் குறையும்’ என்று மாமியாரும் கேட்டார். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குக் கூடுதல் எடை அல்லது பருமன், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு பெரிய இரண்டு கூட்டமும் ஓரளவாவது ஒன்றோடொன்று கலந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

உடல் பலத்தைப் பார்க்க, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னோம். 30 விநாடியில் 11 முறை. 36 வயதுக்கு இது குறைவு. படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொன்னபோது, தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தசைகளுக்கு நடுவில் இரண்டரை விரல் அளவு இடைவெளி தெரிந்தது. பிரசவத்தில் விலகிய தசைகள் முழுதாகச் சேரவில்லை.

அப்போதுதான் நான் நேராகக் கேட்டேன்: தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆமாங்க மேடம், அதுக்குத்தான் அந்த வீடியோவை நிறுத்தினேன். குதிக்கச் சொல்லுவாங்க. அத்தைகிட்ட எப்படிச் சொல்றது, அவர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறார்கள். அவரும் மறுக்கவில்லை.

உணவுப் பதிவு

சாப்பிடுவதையெல்லாம் ஒரு வாரம் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் ஊட்டச்சத்து நிபுணர். வந்த படங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, ஒரு பொரியல், ரசம், இரவு இரண்டு தோசை. சோறு கொஞ்சம் அதிகம், பருப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இந்த அளவுக்கு அந்த எடை பொருந்தவில்லை.

அடுத்த வாரம் வேறொன்று கேட்டார்: பிள்ளைகளின் தட்டைச் சாப்பிடும் முன்னும் சாப்பிட்ட பின்னும் படம் எடுங்கள், திரும்பி வரும் டிபன் பாக்ஸையும் திறந்து எடுங்கள்.

அதில்தான் எல்லாம் இருந்தது. சின்னவன் சர்க்கரை தொட்டுத் தின்றுவிட்டு வைத்த அரைத் தோசை. பாதி டம்ளர் சத்துமாவுப் பால். பள்ளியிலிருந்து மீந்து வந்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வேலையிலிருந்து வந்ததும் நல்ல பசி, பாக்ஸ் கழுவும்போது நின்றபடியே வாயில் போய்விடும். இதை அவர் சாப்பாடு என்றே நினைக்கவில்லை. தோராயக் கணக்கில் நாளுக்கு 350 கலோரி. அதுபோக நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கம்பெனி டீ நேரத்தில் ஒரு வடை அல்லது பன்.

கலோரி மிஞ்சினாலும் புரதம் போதவில்லை. நாளுக்குச் சுமார் 38 கிராம்தான் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கே 46 கிராம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அதிகாலை 4.30-க்கு எழுந்து உடற்பயிற்சி செய்கிறேன் என்றுதான் அவர் வந்தார். வேண்டாம் என்றோம். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் இன்னும் அரை மணி நேரத்தை வெட்டினால் பசியும் சர்க்கரையும் கூடத்தான் செய்யும். பயிற்சிக்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுக்கக்கூடாது, வீட்டு வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதைச் சொல்வது எளிது. வீட்டில் உள்ளவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

அதனால் அடுத்த முறை கணவரையும் மாமியாரையும் அழைத்துவரச் சொன்னோம். “நாளெல்லாம் வேலைதான செய்யறா கண்ணு, அது எக்சர்சைஸ் இல்லையா?” என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டு வேலையும் உடலியக்கம்தான், உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் தனியாகச் சொல்கிறது. பாத்திரம் தேய்ப்பது அதில் சேராது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பகுதி வாங்கிக்கொள்வது தசைதான் என்பதையும், மருமகளின் பரிசோதனைத் தாளையும் மாமியாருக்குக் காட்டினோம். சர்க்கரையோடு வருடக்கணக்காக இருப்பவர் அவர். 162 என்ற எண்ணின் பொருள் கணவரைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்தது.

வாரத்தில் மூன்று நாள், வந்ததும் 7.30 முதல் 20 நிமிடம் பயிற்சி என்று முடிவானது. அந்த மூன்று நாளும் மாமியார் தோசை ஊற்றுவார். கணவர் வீட்டில் இருந்தால் வீட்டுப்பாடம் அவர் பொறுப்பு. ‘உதவி’ என்று விட்டுவிடாமல், எந்தக் கிழமை யாருக்கு என்ன வேலை என்று காலண்டரில் எழுத வைத்தோம்.

பயிற்சியைக் குதிக்காமல் தொடங்கினோம். முதல் ஆறு வாரம் சிறுநீரை அடக்கப் பயன்படும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை மேலே தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் வயிற்றுப் பயிற்சியை நிறுத்திவைத்தோம். அந்த நிலையில் அது வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டிக் கசிவை மோசமாக்கலாம். ரத்தசோகை தேறும்வரை மூச்சு வாங்கும் அளவுக்குப் போகவேண்டாம் என்பது மருத்துவரின் நிபந்தனை. செலவு ஒரு பாயும் ஒரு ரப்பர் பட்டையும் மட்டும். பளுவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிறகு 5 கிலோ அரிசிப் பை.

இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 10 முதல் 15 நிமிட நடை. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை.

உணவில் மிச்சத்தை முதலில் எடுத்தோம். ‘சாப்பிடாதீர்கள்’ என்றால் நடக்காது, சோற்றைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளுக்கு முதலில் பாதியளவே வைப்பது, கேட்டால் மறுபடி போடுவது என்று மாற்றினோம். அப்படியும் மிஞ்சும் கொஞ்சம் பக்கத்து வீட்டு மாட்டின் கழுநீர்ப் பானைக்கு. இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு 10 மணிக்குத் தனியாக உட்காரும் பழக்கத்தை விட்டு, 8 மணிக்குப் பிள்ளைகளோடு சாப்பிடுவது.

தட்டில் வந்த மாற்றங்கள் கொங்கு சமையலுக்குள்ளேயே இருந்தன. காலையில் நான்கு இட்லி மூன்றாகி, கூட ஒரு முட்டை. மதியம் சோற்றில் ஒரு கப் குறைத்துக் கொள்ளுப் பருப்போ பச்சைப் பயறு கடைசலோ ஒரு கப். பொரியல் இரட்டிப்பு. வடைக்குப் பதில் அவித்த நிலக்கடலை. கம்புக்கும் ராகிக்கும் மாறட்டுமா என்று கேட்டார். மாறலாம், ஆனால் அளவு அதேதான். சிறுதானியம் என்றால் சர்க்கரையே ஏறாது என்ற நம்பிக்கை இப்போது ஊரெங்கும் இருக்கிறது. நைசாக அரைத்த ராகி மாவில் காய்ச்சிய கூழ் சிலருக்கு அரிசியைப் போலவே ஏற்றும்.

இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். டீ இரும்பைச் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ இல்லை, எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிடலாம் என்று மாற்றினோம். மாதவிடாய்ப் போக்கு அதிகம் என்று சொன்னதால் மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினோம். கவலைப்பட ஏதுமில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை வேண்டுமா என்பதில் மருத்துவர் அவரோடு நீண்ட நேரம் பேசினார். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர் என்பதால் மெட்ஃபார்மின் தொடங்குவதற்கும் காரணம் இருந்தது. ஆறு மாதம் பார்க்கலாம், இரண்டு மணி நேர அளவு குறையாவிட்டால் தொடங்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கெடு வைக்காமல் ‘பார்க்கலாம்’ என்று விட்டிருந்தால் அதுவும் நான்கு வருடம் ஓடியிருக்கும்.

நடந்தது

முதல் இரண்டு மாதத்தில் எடை 68.4-லிருந்து 68.1. அவ்வளவுதான். “இதுக்குத்தானா இத்தனை கூத்து?” என்று கணவர் சொன்னதாகச் சொல்லிக் கலங்கினார். இடுப்பை அளந்தோம், 91. நாற்காலிச் சோதனை 14.

அப்போது அவருக்குச் சொன்னது சென்னையில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இவரைப்போல முந்தைய நிலையில் இருந்த 531 பேர் கலந்துகொண்டார்கள். எந்தத் தலையீடும் இல்லாதவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷினைப் பரணில் போடச் சொன்னோம். மாதம் ஒருமுறை எங்களிடம் மட்டும் நின்றால் போதும்.

மார்ச்சில் அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து எழும் நிலைக்கு வந்தார். ஹீமோகுளோபின் 11.4. படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை என்று அவரே சொன்னார். இரவு நடைக்கு மாமியாரும் மாடிக்கு வரத் தொடங்கினார், முழங்கால் வலி இருக்கும் நாட்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மருமகளின் சுற்றை எண்ணிக்கொண்டு.

ஏப்ரல் கடைசியில் எல்லாம் கலைந்தது. ஷிப்மெண்ட் நெருக்கடி, வீடு திரும்ப இரவு 9 மணி. அது முடிவதற்குள் சின்னவனுக்குக் காய்ச்சல், பிறகு அம்மா வீட்டுக்குப் போனது. மூன்று வாரம் பயிற்சியே இல்லை. வழக்கமாக நாங்கள் பார்க்கும் பெண்கள் இந்த இடத்தில்தான் வருவதை நிறுத்துவார்கள், ‘விட்டுட்டேன், எந்த முகத்தோட வர்றது’ என்று. இவருக்கு முன்கூட்டியே ஒரு ‘நெருக்கடிப் பட்டியல்’ எழுதிக் கொடுத்திருந்தோம்: உட்கார்ந்து எழுவது 10, சுவர்த் தண்டால் 10, இடுப்பைத் தூக்குவது 10. ஐந்து நிமிடத்தில் முடியும். அந்த மூன்று வாரத்தில் அதையும் அவர் செய்யவில்லை. ஆனால் திரும்பத் தொடங்கியது அந்த ஐந்து நிமிடத்தில்தான். மறுபடி 20 நிமிடம் என்றால் தொடங்கியிருக்க மாட்டேன் என்றார்.

ஜூலையில் கணவரின் ஷிப்ட் மாறியது. மூன்று நாள் ஏற்பாடு நடக்கவில்லை. செவ்வாய், ஞாயிறு என்று இரண்டு நாளாகக் குறைத்து, ஒவ்வொரு நாளையும் 30 நிமிடமாக்கினோம். வாரம் இரண்டு என்ற குறைந்தபட்சம் காப்பாற்றப்பட்டது. ஆறு மாதப் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு 144-ஆக இறங்கியிருந்ததால் மெட்ஃபார்மின் பேச்சு தள்ளிப்போனது.

புரட்டாசியில் வீட்டில் முட்டை இல்லை. புரதத்தில் ஓட்டை விழுமோ என்று நினைத்தோம். நவராத்திரிச் சுண்டலும் கொள்ளும் அதைச் சரிக்கட்டின. கொலு வைத்த வீடுகளிலிருந்து வந்த சுண்டலை மறுநாள் கம்பெனிக்கு டப்பாவில் எடுத்துப் போனார்.

விளைவு

ஒன்பது மாதத்தின் முடிவில் எடை 64.1 கிலோ, 6 சதவீதத்துக்குச் சற்று மேலான குறைவு. இடுப்பு 87 செ.மீ. ரத்த அழுத்தம் 120/78. ஹீமோகுளோபின் 12.1. நாற்காலிச் சோதனையில் 17. குளுக்கோஸ் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 101, இரண்டு மணி நேரம் கழித்து 136. இரண்டாவது அளவு இயல்புக்கு வந்துவிட்டது. முதலாவது எல்லைக்கு ஒரு புள்ளி மேலே நிற்கிறது.

கசிவு பலமான இருமலின்போது மட்டும். வயிற்றுத் தசை இடைவெளி ஒன்றரை விரல். முழுதாகச் சேரவில்லை, சேராமலும் போகலாம். தசை பலமாக இருந்தால் அதனால் தொந்தரவு இல்லை என்று விளக்கினோம்.

தூக்கம் மாறவே இல்லை. இன்றும் ஆறு மணி நேரத்துக்குள்தான். காலை வேலையில் யாரும் பங்கெடுக்கவில்லை, நாங்களும் மாலையை மட்டும்தான் பேசி முடித்திருந்தோம். நான்கு டிபன் பாக்ஸும் இன்னும் அவர் தலையில்தான். டீ நாலிலிருந்து மூன்றாகி, சர்க்கரை ஒரு கரண்டியானது. அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டார். சரி என்று விட்டோம்.

இனி மாறுவது

பிரசவித்த பெண்கள் யார் வந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், சிறுநீர்க் கசிவு பற்றிய கேள்வி இப்போது எங்கள் முதல் படிவத்திலேயே இருக்கிறது. வாயால் சொல்லத் தயங்குபவர்கள் தாளில் ‘ஆம்’ என்று டிக் போட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் உணவுப் பதிவு என்றால் முதல் நாளிலிருந்தே பிள்ளைகளின் தட்டும் டிபன் பாக்ஸும் சேரும். அம்மாவின் தட்டை மட்டும் படம் எடுக்கும் வாரம் வீண்.

வீட்டில் இன்னொருவர் வராமல் பயிற்சித் திட்டம் எழுதிக்கொடுப்பதைக் கூடியவரை தவிர்க்கிறோம். வரும்போது காலை வேலையையும் சேர்த்துப் பேசுகிறோம், தூக்கத்துக்கு வேறு வழியில்லை. தனியாக வாழும் தாய்மார்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்களுக்கு ஐந்து நிமிடப் பட்டியலையே முதல் திட்டமாகக் கொடுத்துப் பார்க்கிறோம்.

இவருக்கு அடுத்த குளுக்கோஸ் பரிசோதனை வரும் ஜனவரியில். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டதால் இம்முறை எச்பிஏ1சி-யையும் நம்பிப் பார்க்கலாம். தேதியை மாமியாரின் மாத்திரை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த அட்டையை மாதாமாதம் யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்கிறார்கள்.